எடை குறைந்தது சரி, எது போனது? – வாசகர் கேள்வி-பதில்

சிமென்ட் மாற்றுப்பொருட்களின் வெப்பப் பகுப்பாய்வு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: களிமண் மாதிரி ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். டிஜிஏ (வெப்ப எடையிழப்புச் சோதனை) அறிக்கையில் "மொத்த எடையிழப்பு 11.2 சதவீதம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சுட்டு சிமென்ட்டில் கலக்க இந்த மண் தேறுமா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. டிஜிஏ என்பது உலைக்குள் இருக்கும் நுண்தராசு. எவ்வளவு போனது என்று அது சொல்லும். எது போனது என்பதை வெப்பநிலையையும் வளைவின் வடிவத்தையும் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் முழு வளைவையும் எண்களாகக் கேட்டு வாங்குங்கள், படமாக வேண்டாம்.

உங்களுக்குத் தேவை கயோலினைட் என்ற களிமண் கனிமத்தின் அளவு. கயோலினைட் ஏறக்குறைய 400 முதல் 600 டிகிரிக்குள் தன் கட்டமைப்பில் உள்ள நீரை இழக்கும். சுத்தமான கயோலினைட்டின் எடையில் அந்த நீர் 13.96 சதவீதம். ஆகவே அந்த இடைவெளியில் வந்த இழப்பை 7.17-ஆல் பெருக்கினால் கயோலினைட் அளவு கிடைக்கும்.

உங்கள் 11.2 சதவீதம் இப்படிப் பிரிவதாக வைத்துக்கொள்வோம்: 200 டிகிரிக்குள் 1.9, 300-ஐ ஒட்டி 1.0, 400 முதல் 600 வரை 6.6, 650-க்கு மேல் 1.7. முதலாவது ஈரம். இரண்டாவது கோதைட் (இரும்புக் கனிமம்) அல்லது கிப்சைட் (அலுமினியக் கனிமம்). இரண்டுமே அந்த வெப்பநிலையில்தான் உடையும், எது என்று எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரால் கனிமங்களை அடையாளம் காணும் சோதனை) பார்த்தால்தான் தெரியும். நான்காவது கால்சைட்டின் கார்பன் டை ஆக்சைடு. அதை 2.27-ஆல் பெருக்கினால் 3.9 சதவீதம் கால்சைட். நமக்கு வேண்டியது மூன்றாவதுதான். 6.6 × 7.17 என்றால் 47 சதவீதம் கயோலினைட். மொத்த 11.2-ஐயும் 7.17-ஆல் பெருக்கியிருந்தால் 80 சதவீதம் வந்திருக்கும். மண் விற்பவருக்கு அந்தக் கணக்குதான் பிடிக்கும்.

47 சதவீதம் தாராளம். 50 பங்கு கிளிங்கர் (அரைப்பதற்கு முந்தைய சிமென்ட் கட்டி), 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுண்ணாம்புக்கல், 5 பங்கு ஜிப்சம் என்ற கலவையில், மண்ணில் சுமார் 40 சதவீதம் கயோலினைட் இருந்தாலே 7 நாளில் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஈடான வலிமை வந்துவிடும்.

இழப்பை அளக்கும்போது 400-இலும் 600-இலும் உள்ள எடைகளை வெறுமனே கழிக்காதீர்கள். இல்லைட், மஸ்கோவைட், மான்ட்மோரில்லோனைட் போன்றவையும் அந்தப் பக்கமாக மெதுவாக நீரை விட்டுக்கொண்டே இருக்கும். டிடிஜி (எடை குறையும் வேகத்தைக் காட்டும் வளைவு) முகட்டுக்கு முன்னும் பின்னும் எடை வளைவு சாய்வாக ஓடும் பகுதிகளுக்குத் தொடுகோடு போட்டு, முகட்டின் இடத்தில் இரண்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளியை எடுங்கள். கரிமப் பொருள் உள்ள மேல்மண் என்றால் ஓட்டம் கட்டாயம் நைட்ரஜனில். காற்றில் ஓட்டினால் 200 முதல் 500 டிகிரிக்குள் அது எரிந்து கயோலினைட் கணக்கில் ஏறிவிடும். நைட்ரஜனிலும் கொஞ்சம் சிதையும், ஆனால் குழப்பம் குறைவு.

மாதிரி எடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கருவிக்குள் போவது 50 மி.கி. அது ஒரு லாரி மண்ணின் பிரதிநிதி. குவித்து நான்காகப் பிரித்துக் குறைத்து, கடைசி சில கிராமை அகேட் உரலில் கையால் அரைத்து 63 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். சல்லடை மேல் நின்றதைக் கொட்டிவிடக் கூடாது. அது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். அதைத் தள்ளிவிட்டால் கீழே விழுந்ததில் கயோலினைட் சதவீதம் பொய்யாக ஏறும். முழுவதும் கீழே இறங்கும்வரை திரும்பத் திரும்ப அரைக்க வேண்டும். அதற்காக அதிர்வு மில்லில் நீண்ட நேரம் ஓடவிடவும் கூடாது. கடுமையாக அரைத்தால் கயோலினைட்டின் படிக அமைப்பே குலையும், நீரிழப்பு முகடு தாழ்ந்த வெப்பநிலைக்கு நகர்ந்து பரந்துவிடும்.

கேள்வி: சுட்ட பிறகு மண் சரியாகச் சுட்டிருக்கிறதா, அதிகமாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தைப் பார்த்தால் போதும் என்கிறார்கள்.

பதில்: நிறம் இரும்பைப் பற்றிப் பேசும், கயோலினைட்டைப் பற்றிப் பேசாது. அதே கருவியில் சுட்ட மாதிரியையும் ஓட்டுங்கள், ஆனால் 1050 டிகிரி வரை, டிஎஸ்சி (மாதிரி வெப்பத்தை உறிஞ்சுவதையும் உமிழ்வதையும் காட்டும்) வளைவோடு.

குறைவாகச் சுட்டதா என்பதற்கு 400–600 இழப்பைப் பாருங்கள். இரண்டு மாதிரிகளையும் மிச்ச எடைக்கு ஈடாக்கித்தான் ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன பச்சை (சுடாத) மண்ணில் மிச்சம் 88.8, எனவே 6.6 ÷ 88.8 = 7.43 சதவீதம். சுட்டதில் இழப்பு 0.5, மிச்சம் 99.0 என்றால் 0.505 சதவீதம். ஆக 93 சதவீதம் கயோலினைட் மாறிவிட்டது. சுட்ட மண் காற்றில் ஈரம் இழுக்கும் என்பதால் 200 டிகிரிக்குக் கீழே வரும் இழப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அதிகமாகச் சுட்டதா என்பதற்கு டிஎஸ்சியில் 980 டிகிரியை ஒட்டி வரும் கூர்மையான வெப்ப உமிழ்வு முகட்டைப் பாருங்கள். மெட்டாகயோலின் (நீரிழந்த கயோலினைட்), ஸ்பினல் அல்லது மல்லைட் என்ற படிகங்களாக மாறும் இடம் அது. சுட்ட மாதிரியில் அந்த முகடு இருந்தால் மெட்டாகயோலின் இன்னும் அப்படியே இருக்கிறது. பச்சை மண்ணில் தெளிவாக இருந்து, சுட்டதில் சுருங்கியிருந்தால் உலை எங்கோ எல்லை மீறியிருக்கிறது. பச்சை மண்ணிலேயே முகடு மங்கலாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது. கயோலினைட் குறைந்த, ஒழுங்கற்ற, மாசுள்ள மண்களில் அது பெரிதாகத் தெரிவதில்லை.

டிஜிஏவில் 600-இல் நீரிழப்பு முடிந்தது என்பதால் உலையையும் 600-இல் வைத்துவிடாதீர்கள். கிண்ணத்தில் 50 மி.கி. உடனே சூடாகிறது. உலைத் தட்டில் குவித்த மண்ணின் நடுப்பகுதி பல நிமிடம் பின்தங்கும். ஆய்வக உலையில் மெல்லிய படலமாகப் பரப்பி 750 முதல் 800 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது பாதுகாப்பான தொடக்கம்.

கேள்வி: எங்கள் ஃப்ளை ஆஷில் (அனல்மின் நிலையச் சாம்பலில்) எல்ஓஐ (சூட்டில் போகும் எடை) 7 சதவீதம். எரியாத கரி 7 சதவீதம் இருக்கிறது என்று வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட்டார். இது நியாயமா?

பதில்: ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) சி618 தரம் எல்ஓஐக்கு வைக்கும் பொது உச்சவரம்பு 6 சதவீதம், அந்த வகையில் அவர் சொல்வது சரி. ஆனால் "எல்லாம் கரி" என்பது சரியல்ல. எல்ஓஐ என்பது 750 டிகிரியில் காணாமல் போன எல்லாவற்றின் கூட்டல்: கரி, கார்பனேட்டின் வாயு, சுண்ணாம்பு அதிகமுள்ள சாம்பல் ஈரம் பட்டால் உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடின் நீர். குளத்தில் கிடந்த சாம்பலில் பின்னவை இரண்டும் கணிசமாக இருக்கலாம்.

பிரித்துப் பார்க்க இரண்டு கட்ட ஓட்டம் உண்டு. நைட்ரஜனில் 105 டிகிரியில் எடை நிலைக்கும்வரை நிறுத்துங்கள், பிறகு 750 வரை ஏற்றுங்கள். 400–500-இல் போவது ஹைட்ராக்சைடின் நீர், 600-க்கு மேல் போவது கார்பனேட். அடுத்து 400-க்கு இறக்கி, வாயுவைக் காற்றுக்கு மாற்றி, மறுபடி 750-க்கு ஏற்றுங்கள். இப்போது போவது கரி.

இதில் மூன்று ஓட்டைகள். ஒன்று, கருவிக்குள் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் "நைட்ரஜன்" கட்டத்திலேயே கரி எரியும். குறைந்தது அரை மணி நேரம் வாயு ஓடவிட்ட பிறகே சூட்டைத் தொடங்குங்கள். ஒரு துணுக்கு நல்ல கரியை மட்டும் நைட்ரஜனில் 750 வரை ஓட்டிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

இரண்டு, கார்பனேட் விடும் கார்பன் டை ஆக்சைடு, 700 டிகிரியை ஒட்டி, பக்கத்தில் உள்ள கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். 44 கிராம் வாயு 12 கிராம் கரியைத் தின்னக்கூடும். அப்போது கார்பனேட் கூடுதலாகவும் கரி குறைவாகவும் தெரியும். மாதிரியைக் குறைத்து, பரப்பி வைத்து, வாயு ஓட்டத்தைக் கூட்டினால் இது மட்டுப்படும். கார்பனேட் கனமாக இருக்கும் சாம்பலில் நீர்த்த அமிலத்தால் முதலில் அதைக் கரைத்து, கழுவி, உலர்த்திய பிறகு கரியை எரித்து அளப்பதே மேல்.

மூன்று, காற்றுக் கட்டத்தில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு, ஆக்சிஜன் சேர்ந்து ஹெமடைட்டாக மாறி எடை கூட்டும். முழுதும் மாறினால் மேக்னடைட்டின் எடையில் 3.45 சதவீதம். சாம்பலில் 10 சதவீதம் மேக்னடைட் இருந்தால் கரி 0.35 வரை குறைத்துக் காட்டும்.

இத்தனைக்குப் பிறகும் கரியின் எடை ஒரு பாதிச் செய்திதான். காற்றுக்குமிழ் கலவைப் பொருளை எவ்வளவு உறிஞ்சும் என்பது கரியின் பரப்பைப் பொறுத்தது. அதற்கு நுரைச் சோதனை செய்யுங்கள், டிஜிஏவிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: ஸ்லாக் எனும் இரும்பு உலைக் கசடைச் சூடாக்கினால் எடை கூடுகிறது! கருவி பழுதா?

பதில்: இல்லை. ஸ்லாகில் உள்ள சல்பைடு காற்றில் சல்பேட்டாகிறது, ஒவ்வொரு கந்தக அணுவும் நான்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. உலோக இரும்புத் துகள் இருந்தால் அதுவும் ஆக்சிஜனேறும். எல்ஓஐ எதிர்மறையாக வருவது இதனால்தான். திருத்தம் எளிது: சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் சல்பர் டிரை ஆக்சைடு அளவைக் கண்டு, வித்தியாசத்தை 0.8-ஆல் பெருக்கி எல்ஓஐயோடு கூட்டுங்கள். அல்லது நைட்ரஜனில் ஓட்டுங்கள்.

ஸ்லாகுக்கு டிஎஸ்சிதான் அதிகம் பேசும். கண்ணாடிநிலை மாற்றம் 700-களில் ஒரு சிறு படியாகத் தெரியும், அதற்கு மேல் 850 முதல் 1000-ஐத் தாண்டி வரை படிகமாகும் முகடுகள் வரும். மெதுவாகக் குளிர்ந்து ஏற்கெனவே படிகமாகிவிட்ட ஸ்லாகில் அந்த முகடு இருக்காது. அப்படிப்பட்டதைச் சிமென்ட்டில் சேர்த்தால் ஏறக்குறைய கல்மாவுதான். முகட்டின் பரப்பை வைத்துக் கண்ணாடி சதவீதம் கணக்கிடுவதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரே மூலத்து ஸ்லாகுகளை ஒப்பிட அது ஆகும், வேறு வேறு ஆலை ஸ்லாகுகளுக்கு ஆகாது.

கேள்வி: 30 சதவீதம் ஃப்ளை ஆஷ் கலந்த சிமென்ட்-நீர்ப் பேஸ்ட்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு செலவானது என்று கண்டு, சாம்பலின் வினைத்திறனைச் சொல்ல வேண்டும். இரண்டு முறை செய்ததில் இரண்டு விடை. படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்: விடை மாறுவது பெரும்பாலும் கருவியால் அல்ல. நீரேற்றத்தை (சிமென்ட் நீரோடு வினைபுரிவதை) நிறுத்திய விதத்தால்.

குறிப்பிட்ட நாளில் பேஸ்ட்டை உடைத்து 1 மி.மீ.க்குக் கீழே பொடியுங்கள். 3 கிராம் பொடியை 100 மி.லி. ஐசோபுரோபனாலில் 15 நிமிடம் வைத்து, வெற்றிட வடிகட்டியில் வடித்து, டைஎத்தில் ஈதரால் அலசி, 40 டிகிரியில் 8 நிமிடம் உலர்த்துங்கள். ஈதர் எளிதில் தீப்பற்றும், புகைக்கூண்டுக்குள் மட்டும். சுடர், சூடான தட்டு எதுவும் பக்கத்தில் கூடாது. உலர்ந்ததை உடனே ஓட்டுங்கள், முடியாவிட்டால் கரியமில வாயு புகாத டெசிக்கேட்டரில் வையுங்கள்.

அசிட்டோனும் மெத்தனாலும் வேண்டாம். மெத்தனால் கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரியும், அசிட்டோன் காரச் சூழலில் தானே வேறு சேர்மங்களாக மாறி மாதிரியில் ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரோபனாலும் முழுவதும் போகாவிட்டால், சூடாகும்போது சிதைந்து வாயுவாகி, அது ஹைட்ராக்சைடைக் கார்பனேட்டாக்கும். 450-இல் எடையிழப்பு குறையும், 700-இல் கூடும். இரண்டு விடைகள் வந்ததற்கு முதல் சந்தேகம் இங்கேதான். 105 டிகிரி அடுப்பில் காயவைப்பதும் ஆகாது. எட்ரிஞ்சைட் (நீரேற்றத்தில் உண்டாகும் நீர் மிகுந்த படிகம்) அழிந்துவிடும், சூட்டிலேயே நீரேற்றமும் கொஞ்சம் ஓடிவிடும்.

இனி ஓட்டம். 50 மி.கி., அலுமினா கிண்ணம், நைட்ரஜன், நிமிடத்துக்கு 10 அல்லது 20 டிகிரி, 1000 வரை. எல்லா மாதிரிகளுக்கும் ஒரே எடை, ஒரே வேகம். 400–500-இல் வரும் படியைத் தொடுகோட்டு முறையில் அளந்து 4.11-ஆல் பெருக்குங்கள். 74.09-ஐ 18.02-ஆல் வகுத்தால் வரும் எண் அது.

உதாரணத்துக்கு, படி 1.20 மி.கி. என்றால் ஹைட்ராக்சைடு 4.93 மி.கி. இதைத் தொடக்க எடையான 50-ஆல் வகுக்காதீர்கள். ஒவ்வொரு பேஸ்ட்டிலும் நீரின் அளவு வேறு, எனவே 550 டிகிரியில் உள்ள எடையால் வகுக்க வேண்டும். அது 40.0 மி.கி. என்றால், நீரற்ற பொடி 100 கிராமுக்கு 12.3 கிராம்.

சாம்பல் கலக்காத பேஸ்ட்டில் 20.0 கிராம் இருந்தது என்றால், அதில் 70 சதவீதம் 14.0. எனவே சாம்பல் தின்றது 1.7 கிராம் என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். சிமென்ட் துகள்களுக்கு நடுவே நுண்பொடி இருந்தாலே, அதிக நீரும் இடமும் கிடைத்து, சிமென்ட் தானாகக் கூடுதலாக வினைபுரியும். இதைப் பிடிக்க, அதே நுண்மையுள்ள குவார்ட்ஸ் பொடியை 30 சதவீதம் சேர்த்து மூன்றாவது பேஸ்ட் வேண்டும். அதில் 15.1 கிராம் இருந்தால் உண்மைச் செலவு 2.8 கிராம். குவார்ட்ஸ் ஒப்பீடு இல்லாத ஆய்வுக் கட்டுரைகளில் சாம்பல் "வேலை செய்யவில்லை" என்று எழுதியிருப்பதைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

மாதிரி காற்றில் கார்பனேட்டாகிவிட்டது என்று தெரிந்தால், 600–800 இழப்பை 1.68-ஆல் பெருக்கி ஹைட்ராக்சைடோடு கூட்டலாம். அதற்கு முன் சிமென்ட்டில் முதலிலேயே இருந்த சுண்ணாம்புக்கல்லின் பங்கைக் கழித்தாக வேண்டும். ஸ்லாக் கலந்த பேஸ்ட்டில் இன்னொரு எச்சரிக்கை: ஸ்லாக் வினையில் உண்டாகும் ஹைட்ரோடால்சைட் 400-ஐ ஒட்டி நீர் விடும், ஹைட்ராக்சைடின் படிக்குள் கலக்கும். ஸ்லாக் இயல்பிலேயே ஹைட்ராக்சைடைக் குறைவாகத்தான் செலவழிக்கும். அந்த எண்ணை வைத்து ஸ்லாக் மந்தம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் டிஜிஏ இல்லை. உலையும் தராசும் மட்டும் உண்டு. வினைத்திறனைச் சோதிக்க வழி?

பதில்: உண்டு. ஏஎஸ்டிஎம் சி1897-இல் உள்ள ஆர்3 என்ற வினைத்திறன் சோதனையின் பிணைநீர் (வினையில் பிணைந்த நீர்) முறை. சோதிக்கும் பொருள் 11.11 கிராம், கால்சியம் ஹைட்ராக்சைடு 33.33 கிராம், கால்சியம் கார்பனேட் 5.56 கிராம், கரைசல் 60.00 கிராம். கரைசலுக்கு ஒரு லிட்டர் நீரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 4 கிராம், பொட்டாசியம் சல்பேட் 20 கிராம். எல்லாவற்றையும் முந்தின இரவே 40 டிகிரியில் வைத்துவிட்டு, நிமிடத்துக்கு 1600 சுற்றில் 2 நிமிடம் கலக்கி, மூடி இறுக்கி 40 டிகிரியில் 7 நாள் வையுங்கள்.

பிறகு 2 மி.மீ.க்குக் கீழே உடைத்து, 105 டிகிரியில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி, 350 டிகிரியில் 2 மணி நேரம். இரண்டு எடைகளின் வித்தியாசத்தை 105 டிகிரி எடையால் வகுத்தால் பிணைநீர். 350-இல் நிறுத்துவதற்குக் காரணம், மீந்திருக்கும் ஹைட்ராக்சைடு அந்தச் சூட்டில் உடையாது. உலையின் காட்டி தப்பாக இருந்து உள்ளே 400-ஐத் தொட்டால் அது உடையத் தொடங்கி, மந்தமான பொருளும் துடிப்பாகத் தெரியும். உலைக்குள் தனி தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மூடி சரியில்லாமல் ஈரம் போயிருந்தால் அந்தக் குப்பியை ஒதுக்குங்கள், ஏழாம் நாள் எடை பார்த்தாலே தெரியும்.

கேள்வி: ஒரே மாதிரியின் முகடு ஓர் ஆய்வகத்தில் 435, மற்றொன்றில் 465. யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சரியாக இருக்கலாம். வேகம் கூடினால், மாதிரி எடை கூடினால், துளை மூடி போட்டால் முகடு மேலே நகரும். எடையிழப்பு மாறக் கூடாது, அதைத்தான் ஒப்பிட வேண்டும். கருவியில் சந்தேகம் என்றால் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட்டை ஓட்டுங்கள். மூன்று படிகள்: 12.33, 19.17, 30.12 சதவீதம். வெப்பநிலைக்கு இந்தியம் 156.6, துத்தநாகம் 419.5, அலுமினியம் 660.3 டிகிரி உருகுநிலைகள். சூடேற வாயுவின் அடர்த்தி குறைந்து கிண்ணம் கனத்ததுபோல் தெரியும். காலிக் கிண்ணத்தை அதே திட்டத்தில் ஓட்டிக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: இயற்கை ஜியோலைட்டின் எல்ஓஐ 11 சதவீதம். தள்ளிவிடலாமா?

பதில்: தள்ள வேண்டாம். நைட்ரஜன் ஓட்டத்தில் அறை வெப்பத்திலிருந்து 400-ஐத் தாண்டி வரை படியே இல்லாமல் வழுக்கிக்கொண்டே இறங்கினால் அது ஜியோலைட்டின் துளைகளில் உள்ள நீர், கரி அல்ல. கான்கிரீட்டில் நீர்த்தேவையைக் கூட்டும், அதைக் கலவை வடிவமைப்பில் கவனித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிளாட்டினம் கிண்ணம் பயன்படுத்தலாமா?

பதில்: சுட்ட களிமண்ணுக்கும் நீரேறிய சாதாரண பேஸ்ட்டுக்கும் பிரச்சினை இல்லை. உலோக இரும்போ சல்பைடோ உள்ள ஸ்லாக், கரி மிகுந்த சாம்பல், பாஸ்பரஸ் உள்ள கழிவுச் சாம்பல் இவற்றை அதில் போடாதீர்கள். பிளாட்டினம் அவற்றோடு சேர்ந்து நொறுங்கும். அலுமினா போதும். ஓட்டத்துக்குப் பின் அடியில் ஒட்டிய கண்ணாடிப் படலம் தெரிந்தால், சுரண்டாமல் அந்தக் கிண்ணத்தை ஸ்லாகுக்கென்றே தனியாக ஒதுக்கி வையுங்கள்.